மெதுவாக ஓடி உலகக் கோப்பை வரை போனவர்

கேள்வி: ஜெர்மனி கால்பந்து அணியின் டிஃபெண்டர் (தடுப்பாட்டக்காரர்) பெர் மெர்ட்டசாக்கரைப் பழைய வீடியோக்களில் பார்த்தேன். அசைந்து அசைந்து ஓடுகிறார். இவரை எப்படி நாட்டுக்காக 104 ஆட்டங்கள் ஆட விட்டார்கள்? உயரம் மட்டும்தான் தகுதியா?

பதில்: உயரம் உதவியது, மறுக்கவில்லை. 1.98 மீட்டர் ஆள் கோலுக்கு முன்னால் நின்றால் உயரத்தில் வருகிற பந்தெல்லாம் அவர் கணக்கில்தான். ஆனால் அடுத்த முறை பந்தை விட்டுவிட்டு இவரை மட்டும் பாருங்கள். எதிரணி மிட்ஃபீல்டர் பாஸ் கொடுக்கத் தலையைத் தூக்கும்போதே இவர் நாலு அடி பின்னால் போயிருப்பார். ஓட்டப்பந்தயம் என்று வந்தால் தோற்போம் என்று தெரிந்தவர், பந்தயமே வராமல் பார்த்துக்கொண்டார். சறுக்கி விழுந்து பந்தைத் தட்டிவிட்டால் கைதட்டல் கிடைக்கும், சரி. பாதி நேரம் அந்தச் சறுக்கலுக்குக் காரணமே முதலில் தப்பான இடத்தில் நின்றதுதான்.

இங்கிலாந்தின் 2017 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தைத் தேடிப் பாருங்கள். முழங்கால் காயத்தால் அந்த சீசனில் அதுவரை, லண்டன் கிளப்பான ஆர்சனலுக்காக ஒரு ஆட்டத்தில்கூட அவர் தொடக்கத்திலிருந்து ஆடவில்லை. சக டிஃபெண்டர் கோசியெல்னிக்குத் தடை, மற்றவர்களுக்குக் காயம் என்று ஆகி, வேறு வழியில்லாமல் வெம்ப்ளி மைதானத்தில் இறக்கினார்கள். எதிரே லீக் சாம்பியன் செல்சீ, முன்வரிசையில் முரடர் டியேகோ கோஸ்டா. கோஸ்டா ஒரு கோல் அடித்தார், உண்மைதான். ஆனாலும் ஆர்சனல் 2-1 என்று வென்றது. அன்று களத்தில் யார் சிறப்பாக ஆடினார் என்று கேட்டால் நான் மெர்ட்டசாக்கரைத்தான் சொல்வேன்.

கேள்வி: 2014 உலகக் கோப்பையில் டி.வி. நிருபரிடம் சண்டை போட்டாராமே?

பதில்: அல்ஜீரியாவை ஜெர்மனி கூடுதல் நேரத்தில் 2-1 என்று தட்டுத்தடுமாறி வென்ற இரவு அது. ‘ஏன் இவ்வளவு மந்தமாக ஆடினீர்கள்?’ என்று நிருபர் கேட்க, கடைசி 16-க்குள் வந்த அணி கேளிக்கைக் கும்பலா என்று திருப்பிக் கேட்டார். மூன்று நாள் ஐஸ் தொட்டிக்குள் படுக்கப்போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஜெர்மனியே அதை ரசித்தது. அடுத்த ஆட்டத்திலேயே அவரை பெஞ்சில் உட்காரவைத்தார் பயிற்சியாளர் லூவ். அதற்கு அவர் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை. இறுதியாட்டத்தில் கடைசி நிமிடம் ஓசிலுக்குப் பதிலாக இறங்கினார்.

கேள்வி: ஆட்டத்துக்கு முன் பயத்தில் அவருக்குக் குமட்டுமாம். உலக சாம்பியனுக்கா?

பதில்: அவரே சொன்னது. 2018-ல், ஓய்வு பெறப்போகும் நேரத்தில், ‘டெர் ஸ்பீகல்’ பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். ஆட்டம் தொடங்கச் சில நொடிகள் இருக்கும்போது வயிற்றைப் புரட்டும், கண்ணில் நீர் வரும் அளவுக்குக் குமட்டும், யாரும் பார்க்காதபடி தலையைத் திருப்பிக்கொள்வேன் என்றார். 2006-ல் சொந்த மண்ணில் அரையிறுதியில் இத்தாலியிடம் தோற்றபோது நாடே அழுதது. இவருக்குள் வருத்தத்தோடு, ‘அப்பாடா, முடிந்தது’ என்ற நிம்மதியும் இருந்ததாம். அப்போது வயது 21.

இதைப் படித்துவிட்டு மனத்திடம் இல்லாதவர் என்று சிலர் எழுதினார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஃபார்வர்டு நாலு வாய்ப்பைக் கோட்டைவிட்டு ஐந்தாவதை அடித்தால் ஹீரோ. டிஃபெண்டர் ஒரே ஒரு தடவை கோட்டைவிட்டால் மறுநாள் அவர் படம்தான் பத்திரிகையில். ஹானோவர், பிரேமன், லண்டன் என்று பதினைந்து சீசன் அந்த வயிற்றோடு ஆடியிருக்கிறார். இன்னும் என்ன திடம் வேண்டும்?

கேள்வி: கோல் ஏதாவது அடித்திருக்கிறாரா?

பதில்: ஜெர்மனிக்கு நான்கு. 2015 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராகக் கார்னரிலிருந்து ஒன்று. எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய வருடம் விகன் அணியுடன் நடந்த அரையிறுதி. ஃபவுல் செய்து பெனால்டி கொடுத்தவர் இவர். 82-ஆவது நிமிடத்தில் முன்னால் போய்த் தலையால் முட்டிச் சமன் செய்தவரும் இவரே. பெனால்டி ஷூட்-அவுட்டில் ஆர்சனல் பிழைத்தது.