குறட்டை விடுகிறவருக்குக் காலைச் சுகர் ஏன் இறங்குவதில்லை?

சர்க்கரை நோயாளியிடம் என்ன சாப்பிட்டீர்கள், நடந்தீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று எல்லாம் கேட்கிறோம், ராத்திரி எப்படித் தூங்கினீர்கள் என்று கேட்க மட்டும் விட்டுவிடுகிறோம். டைப் 2 சர்க்கரையோடு உடல் பருமனும் இருந்த 306 பேருக்கு அமெரிக்காவில் தூக்கப் பரிசோதனை செய்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், 86 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்கு ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு அடைபடும் கோளாறு இருந்தது. அதனால் இந்த முறை அதைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வயது 52. ராத்திரி மூணு இட்லிதான், மாத்திரை தவறுவதே இல்லை. படுக்கும்போது 140 இருக்கிற சுகர் காலையில் 190 காட்டுகிறது. நான் குறட்டை விடுவதாகவும், நடுவில் மூச்சு நின்று திணறி எழுவதாகவும் மனைவி சொல்கிறார். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. உங்கள் மனைவி பார்த்ததுதான் இதில் பெரிய துப்பு. அசந்து தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து, மூச்சு போகிற வழி அடைத்துக்கொள்கிறது. குறைந்தது 10 விநாடி காற்று நின்றால் அது ஒரு தடை என்று கணக்கு. ஒரு மணி நேரத்தில் 5 தடைக்குக் கீழே என்றால் பயமில்லை, 15-க்கு மேல் என்றால் நடுத்தரம், 30-ஐத் தாண்டினால் கடுமை. ஒவ்வொரு தடையிலும் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க, மூளை பதறிப்போய் உங்களை அரைகுறையாக எழுப்பிவிடும், காலையில் உங்களுக்கு அது ஞாபகமே இருக்காது. அந்தப் பதற்றத்தில் சுரக்கிற அட்ரினலினும் கார்டிசோலும் கல்லீரலில் சேர்த்துவைத்த சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும், இன்சுலின் வேலை செய்யவும் விடாது. இட்லியைக் குறைத்து என்ன பயன், சர்க்கரை உள்ளேயிருந்து வருகிறதே!

அதற்காகப் பழியை முழுக்கக் குறட்டை மேல் போட்டுவிடவும் கூடாது. விடியற்காலையில் இயல்பாக ஏறும் ஹார்மோன்களாலும் சுகர் கூடும், இரவு மருந்து பத்தாமல் இருந்தாலும் கூடும். ஒன்றிரண்டு நாள் ராத்திரி 3 மணிக்கு விரலில் குத்திப் பார்த்து எழுதிவையுங்கள். மனைவியிடம் சொல்லி நீங்கள் தூங்குவதை இரண்டு நிமிடம் செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், டாக்டரிடம் அதைக் காட்டினால் பாதி விளக்கம் மிச்சம். ஸ்லீப் ஸ்டடி இப்போது வீட்டிலேயே செய்ய முடிகிறது: மூக்கில் ஒரு குழாய், நெஞ்சில் ஒரு பட்டை, விரலில் ஒரு கிளிப், அவ்வளவுதான். அதுவரை நீங்களாகவே மாத்திரையைக் கூட்டாதீர்கள்.

கேள்வி: நான் குண்டு இல்லை, 66 கிலோதான். எனக்கும் வருமா?

வரும். தாடை சிறியதாகவோ உள்வாங்கியோ இருந்தால் எடை குறைவாக இருந்தாலும் மூச்சுப்பாதை ஒடுங்கும், நம் மக்களில் இதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். டேப் எடுத்துக் கழுத்தை அளந்து பாருங்கள். 40 சென்டிமீட்டருக்கு மேல் இருந்து, குறட்டையும் பகல் தூக்கமும் பிரஷரும் சேர்ந்திருந்தால் தராசு என்ன காட்டினாலும் பரிசோதனை செய்துகொள்வதே நல்லது.

கேள்வி: ராத்திரி நாலு தடவை பாத்ரூம் போகிறேன். சுகர்தானே காரணம்?

இருக்கலாம், ஆனால் சுகர் பொதுவாக 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கும். (டாபாக்ளிஃப்ளோசின் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அந்த மாத்திரையின் வேலையே சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதுதான்.) உங்கள் சுகர் 150-க்குள் நின்றும் நாலு தடவை என்றால் குறட்டையையும் யோசிக்க வேண்டும். பாதை அடைத்திருக்கும்போது நெஞ்சு காற்றுக்காகப் பலமாக இழுக்கும். அந்த இழுப்பில் இதயத்தின் மேலறை விரிய, உடம்பில் தண்ணீர் மிஞ்சிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, சிறுநீரைக் கூட்டும் ஹார்மோனை அது சுரக்கிறது. ஆண்கள் புராஸ்டேட்டையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: சிபாப் மாஸ்க் (மூச்சுப்பாதை அடையாமல் காற்றை அழுத்திச் செலுத்தும் கருவி) மூணு மாதமாகப் போடுகிறேன், ராத்திரி ரெண்டு மணி வாக்கில் கழற்றிவிடுவேன். ஹெச்பிஏ1சி, அதாவது மூணு மாதச் சராசரி சுகர், அசையவே இல்லை. காசு வீண்தானா?

வீண் இல்லை, ஆனால் நீங்கள் கழற்றுகிற நேரம்தான் சிக்கல். கனவுத் தூக்கம், அதாவது ரெம் தூக்கம், பெரும்பகுதி பின்னிரவில்தான் வருகிறது, தசைகள் ரொம்பத் தளர்வதும் மூச்சு நீண்ட நேரம் அடைபடுவதும் அப்போதுதான். ரெண்டு மணிக்குக் கழற்றினால் மோசமான பாதி ராத்திரியைச் சிகிச்சையே இல்லாமல் விட்டுவிடுகிறீர்கள்.

ஆய்வுகளும் ஒரே மாதிரி பேசவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2007-இல் பிரிட்டனில் மூணு மாதம் பார்த்ததில் ஹெச்பிஏ1சி குறையவில்லை, அவர்கள் ஒரு ராத்திரியில் மாஸ்க் போட்ட நேரமும் சராசரியாக நாலு மணி நேரத்துக்கும் குறைவு. 2016-இல் ஸ்பெயினில் 50 பேரை ஆறு மாதம் பார்த்ததில் ஹெச்பிஏ1சி ஏறத்தாழ 0.4 சதவீதப் புள்ளி குறைந்தது. சிகாகோவில் ஒரு சின்ன ஆய்வில், ஆய்வகத்திலேயே தங்கவைத்து இரவு 8 மணி நேரமும் போடவைத்தார்கள், ஒரே வாரத்தில் நாள் முழுதுமான சராசரி சுகர் கிட்டத்தட்ட 14 புள்ளி இறங்கியது. இவற்றை வைத்து நான் சொல்வது இதுதான்: முழு ராத்திரியும் போட்டால்தான் சுகர் பக்கம் எதையாவது எதிர்பார்க்க முடியும், அதுவும் மிதமாகத்தான், மாத்திரையை நிறுத்துகிற அளவுக்கு இல்லை. பகல் அசதிக்கும் பிரஷருக்கும் கிடைக்கிற பலன் தனி.

ஏன் கழற்றுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். வாய் வறண்டால் ஈரப்பதம் தரும் ஹியூமிடிஃபையர் சேர்க்கலாம். கண் பக்கம் காற்று கசிந்தால் அளவு தப்பு, மாஸ்க்கை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். மூச்சு முட்டுகிற பயம் என்றால் சாயங்காலம் டிவி பார்க்கும்போது அரை மணி போட்டுப் பழகுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 58, சுகர் உண்டு. பெரிய குறட்டை இல்லை, ஆனால் எப்பவும் அசதி, தூக்கம் பிடிக்கவில்லை என்கிறார்.

பெண்களுக்கு இது பல நேரம் இப்படித்தான் வரும், காலைத் தலைவலி, அசதி, தூக்கமின்மை என்று. மாதவிடாய் நின்ற பிறகு ஆபத்தும் கூடுகிறது. வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் பரிசோதனை செய்யுங்கள், முக்கியமாக, பார்க்காமல் தூக்க மாத்திரை கொடுத்துவிடாதீர்கள், சில மாத்திரைகள் மூச்சுத்தடையை இன்னும் மோசமாக்கும்.

கேள்வி: எடையைக் குறைக்கிற டிர்ஸெபடைட் ஊசி போட்டால் மாஸ்க் வேண்டாமாமே?

உடல் பருமனோடு நடுத்தர அல்லது கடுமையான மூச்சுத்தடை இருக்கும் பெரியவர்களுக்கு அமெரிக்காவில் 2024 டிசம்பரில் அதை அனுமதித்தார்கள், சுகருக்கும் அது நல்ல மருந்து. எடை குறையக் குறையத் தடைகளும் குறையும், சிலருக்கு மாஸ்க் தேவைப்படாமலே போகலாம், ஆனால் மறுபடி ஸ்லீப் ஸ்டடி செய்து பார்த்த பிறகுதான் அதை முடிவு செய்ய வேண்டும். இன்சுலினோ, கிளிமிப்ரைடு என்கிற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் ஊசி தொடங்கும்போது அவற்றின் அளவைக் குறைக்க வேண்டி வரலாம், இல்லையென்றால் லோ சுகர் ஆகிவிடும்.

கேள்வி: லாரி ஓட்டுகிறேன், கிளிமிப்ரைடு சாப்பிடுகிறேன். விடியற்காலையில் கண் சொருகுகிறது. டெஸ்ட் எடுத்தால் வேலை போய்விடுமோ என்று பயம்.

தம்பி, பயம் நியாயம்தான், ஆனால் ஸ்டியரிங் பிடித்தபடி கண் சொருகுவது அதைவிடப் பெரிய ஆபத்து. முதலில் வண்டியை ஓரம் கட்டிச் சுகர் பாருங்கள், 70-க்குக் கீழே இருந்தால் அது லோ சுகர், மூணு ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ கரைத்துக் குடித்துவிட்டுக் கால் மணி கழித்து மறுபடி பாருங்கள். சுகர் சரியாக இருந்தும் தூக்கம் தள்ளினால் மூச்சுத்தடையாக இருக்கலாம். மாஸ்க்கை ஒழுங்காகப் போடுகிறவர்களில் பலருக்குப் பகல் தூக்கம் சில நாள்களிலிருந்து சில வாரங்களுக்குள் தெளிந்துவிடுகிறது. அதுவரை ராத்திரி ட்ரிப் வேண்டாம், முதலாளியிடம் பகல் லோடு கேளுங்கள்.