வானியற்பியல் படித்தவர் நாள் முழுக்க நிரல் எழுதினால் அது வானியற்பியலா?

நிச்சயமாக. விண்மீன் கூட்டத்தைச் சோதனைக்கூடத்துக்குள் கொண்டுவர முடியாது. கணினிக்குள்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும். 1,000 விண்மீன்கள் ஒன்றையொன்று ஈர்ப்பதைக் கணக்கிட, கணக்கின் ஒவ்வொரு சிறு கால நகர்விலும் 4,99,500 இணைகளைப் பார்க்க வேண்டும். பத்து லட்சம் விண்மீன்கள் என்றால் சுமார் ஐம்பதாயிரம் கோடி! 1986இல் பார்ன்ஸ், ஹட் என்ற இரு வானியற்பியலாளர்கள் இந்தக் கணக்கைக் குறைக்க ஒரு வழி சொன்னார்கள்: தொலைவில் இருக்கும் கூட்டத்தை ஒரே நிறையாக எடுத்துக்கொள்ளலாம். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது. ஆனால் எவ்வளவு தொலைவில், எவ்வளவு பிழையோடு? அதை முடிவு செய்ய இயற்பியல் தெரிந்தவர்தான் வேண்டும்.

இந்த வேலைக்கான பாதை வழக்கமானதுதான்: முனைவர் பட்டம், அப்புறம் சில ஆண்டுகள் தற்காலிக ஆய்வுப் பணி. நிரந்தரப் பேராசிரியர் பதவிகள் குறைவு என்பதால் பலர் மீக்கணினி மையங்களுக்குப் போகிறார்கள். நிரல் மொழிகளில் பைத்தானோடு சி பிளஸ் பிளஸும் பழகிக்கொள்ளுங்கள்.