கப்பலை விட்டு இறங்கி வகுப்பறைக்கு
(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய அமெரிக்க மாலுமிகளும் சிப்பாய்களும் அரசுச் செலவில் கல்லூரியில் படித்தார்கள் என்று வாசித்தேன். வீரர்கள் மீது அந்த அரசுக்கு அவ்வளவு நன்றியா?

பதில்: நன்றி இருந்தது, அதனினும் பெரிதாக அச்சம் இருந்தது. முதல் உலகப் போரில் பங்கேற்றவர்கள், தங்களுக்கு வாக்களிக்கப்பட்ட ஊக்கத்தொகையை உடனே தரக் கோரி 1932-ல் வாஷிங்டனில் குடிசை போட்டுத் தங்கியபோது, அரசு தன் ராணுவத்தைக் கொண்டே அவர்களை விரட்டிக் குடிசைகளையும் எரித்த காட்சி மக்கள் மனத்தில் இன்னும் ஆறாமல் இருந்தது. இம்முறை சீருடை அணிந்தவர்கள் சுமார் 1.6 கோடிப் பேர். அத்தனை பேரும் ஒரே சமயத்தில் வேலை கேட்டு நின்றால் என்ன ஆகும் என்ற கவலையில் பிறந்த சட்டத்தில்தான் அதிபர் ரூஸ்வெல்ட் 1944 ஜூன் 22 அன்று கையெழுத்திட்டார். 'ஜி.ஐ. பில்' என்பது அதன் வழக்குப் பெயர். அமெரிக்கச் சிப்பாயை 'ஜி.ஐ.' என்று அழைப்பார்கள்.

கல்விக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 500 டாலர் வரை கொடுத்தார்கள். ஹார்வர்டிலேயே அப்போது கட்டணம் 400 டாலர்தான் என்பதை நினைத்தால் அந்தத் தொகையின் கனம் விளங்கும். கைச்செலவுக்குத் தனியாளுக்கு மாதம் 50 டாலர், குடும்பஸ்தருக்கு 75 டாலர் என்று தொடங்கிப் பின்னர் உயர்த்தினார்கள். 1947-ல் அந்நாட்டுக் கல்லூரி மாணவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் போரிலிருந்து திரும்பியவர்கள். மொத்தத்தில் சுமார் 22 லட்சம் பேர் இச்சட்டத்தின் உதவியால் கல்லூரிப் படியேறினார்கள்.

கேள்வி: அப்படிப் படித்த கடற்படைக்காரர் ஒருவரைப் பற்றி விரிவாகச் சொல்ல முடியுமா?

பதில்: எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் லாரன்ஸ் ஃபெர்லிங்கெட்டி. பின்னாளில் கவிஞராகவும் பதிப்பாளராகவும் பெயர் பெற்றவர். 1941-ல் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்து முடித்த கையோடு கடற்படையில் சேர்ந்தார். நீர்மூழ்கி வேட்டைக் கப்பல் ஒன்றுக்குத் தலைவரானார். கப்பல் என்ற சொல்லைக் கேட்டு எதையோ பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். 110 அடி நீளத்தில் மரத்தால் கட்டிய கலம் அது. 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கரையில் படைகள் இறங்கியபோது, பகைவரின் நீர்மூழ்கிகள் நெருங்காமல் காவல் காத்த கலங்களில் அதுவும் ஒன்று.

அந்த நாளின் நினைவு ஒரு புறம் இருக்க, அவரை மாற்றியது போர் முடிந்த பின் கண்ட காட்சிதான். பிறகு பசிபிக் பகுதியில் அவர் பணியாற்றிய வேறொரு கப்பல், ஜப்பான் சரணடைந்த பிறகு சாசெபோ துறைமுகத்துக்குச் சென்றது. அங்கிருந்து நாகசாகி தொலைவில் இல்லை. அணுகுண்டு விழுந்து சில வாரங்களே ஆகியிருந்த அந்த ஊரை அவர் நேரில் போய்ப் பார்த்தார். ஊர் இருந்த இடத்தில் பரந்து கிடந்த சேற்றையும், அதிலிருந்து துருத்திக்கொண்டிருந்த எலும்புகளையும் தலைமுடியையும் பற்றி வாழ்நாள் முழுவதும் பேசினார். அன்றே, அந்த இடத்திலேயே, தாம் போர் மறுப்பாளராக மாறிவிட்டதாகச் சொல்லிவந்தார்.

அதன் பிறகு அவர் செய்த காரியம் படிப்பு. ஜி.ஐ. பில் உதவியுடன் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலை சேர்ந்து, 1947-ல் பட்டம் பெற்றார். ஆய்வேட்டுக்கு அவர் தேர்ந்தெடுத்த பொருள் விமரிசகர் ரஸ்கினும் ஓவியர் டர்னரும். டர்னர் புயலையும் அலையையும் எரியும் கப்பலையும் தீட்டித் தீராதவர். நான்காண்டுக் காலம் கடலிலேயே கண் வைத்திருந்த ஒருவர் நூலகத்தில் போய் உட்கார்ந்து மறுபடியும் கடலையே எடுத்துப் படித்தார் என்பதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. இது என் ஊகம்தான், அவர் சொன்னதன்று. பிறகு பாரிஸுக்குப் போய், அதே உதவித்தொகையில் சோர்போன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். 1953-ல் சான்பிரான்சிஸ்கோவில் 'சிட்டி லைட்ஸ்' புத்தகக் கடையைக் கூட்டாகத் தொடங்கியவர், 2021-ல் 101 வயதில் மறைந்தார். போருக்கு அனுப்பிய அரசே கொடுத்த பணத்தில் படித்துவிட்டு, அந்த அரசின் போர்களை அவர் கடைசி வரை எதிர்த்தார். சட்டத்தை எழுதியவர்கள் இப்படியொரு விளைவை எதிர்பார்த்திருக்கமாட்டார்கள்.

கேள்வி: போர் நினைவுகள் இவர்களைப் படிக்க விட்டனவா? வகுப்பில் தொல்லையாக இருக்கவில்லையா?

பதில்: தொல்லைதான் வரும் என்று பெரிய மனிதர்களே பயந்தார்கள். சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸ், கல்லூரிகள் நாடோடிகளின் கூடாரமாகிவிடும் என்ற பொருளில் 1944-ல் பத்திரிகையில் எழுதினார். நடந்தது நேர்மாறு. வந்தவர்கள் மற்ற மாணவர்களைவிட வயதில் மூத்தவர்கள், பலர் திருமணமானவர்கள், இழந்த ஆண்டுகளை ஈடுகட்டும் அவசரத்தில் இருந்தவர்கள். வகுப்பின் சராசரி மதிப்பெண்ணை ஏற்றிவிடுகிறார்கள் என்று இளைய மாணவர்கள் அவர்களைத் திட்டியதுதான் மிச்சம்.

விடுதிகள் நிரம்பி வழிந்ததால், பல கல்லூரிகள் குவான்செட் கொட்டகைகளை வாங்கி நிறுத்தின. பீப்பாயை நீளவாக்கில் பிளந்து கவிழ்த்ததுபோன்ற அந்தத் தகரக் கொட்டகை, 1941-ல் கடற்படைக்காகவே உருவாக்கப்பட்டது. பசிபிக் தீவில் அதே வளைந்த கூரையின் கீழ் படுத்துக் கிடந்த மாலுமி, இப்போது அதன் கீழ் மனைவி குழந்தையுடன் குடித்தனம் நடத்திக்கொண்டு கால்குலஸ் போட்டார். நினைவு வராமல் எப்படி இருக்கும்? ஆனால் அதற்கு அன்று பெயர் இல்லை. இன்று நாம் சொல்லும் 'போருக்குப் பிந்தைய மன உளைச்சல்' மருத்துவக் கையேட்டில் இடம்பெற்றதே 1980-ல்தான். பெரும்பாலோர் வாய் திறக்கவில்லை.

கேள்வி: கறுப்பின மாலுமிகளுக்கும் இதே வாய்ப்புக் கிடைத்ததா?

பதில்: சட்டத்தின் எழுத்தில் கிடைத்தது, நடைமுறையில் பாதி கூடக் கிடைக்கவில்லை. 1942 வரை கடற்படை அவர்களை உணவு பரிமாறும் பணிக்கே எடுத்தது. பிறகும் கலிபோர்னியாவின் போர்ட் சிகாகோ போன்ற இடங்களில் வெடிபொருள் ஏற்றும் வேலை அவர்கள் தலையில் விழுந்தது. அங்கே 1944 ஜூலை 17 அன்று நேர்ந்த வெடிவிபத்தில் இறந்த 320 பேரில் 202 பேர் கறுப்பினத்தவர். திரும்பி வந்தால், தென் மாநிலங்களின் வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் அவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. கறுப்பினத்தவருக்கான கல்லூரிகளில் இடம் போதாமல் ஆயிரக்கணக்கானோரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது.

கேள்வி: நான் அமெரிக்காவில் வசிக்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஜப்பானின் ஓகினாவாத் தீவில் நடந்த போரில் மாலுமி. பிறகு பொறியியல் படித்தவர். அவர் நினைவுகளைப் பதிவு செய்ய ஆசை. எதைக் கேட்பது?

பதில்: தள்ளிப்போடாதீர்கள். எத்தனை விமானம் விழுந்தது, எத்தனை பேர் செத்தார்கள் என்று எடுத்தவுடன் கேட்டுவிடாதீர்கள். ஓகினாவாவில் கடற்படை மட்டுமே கிட்டத்தட்ட 5,000 பேரை இழந்தது, அவர்களில் சிலருக்கு அவர் சாப்பாட்டுத் தட்டு எடுத்துக் கொடுத்திருக்கக்கூடும். அவருடைய படுக்கை எந்தத் தளத்தில் இருந்தது, நள்ளிரவுக் காவலுக்கு எழுப்ப யார் வருவார், கல்லூரியில் முதல் நாள் எந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார் என்று தொடங்குங்கள். மற்றவை தாமாக வரும், வராவிட்டால் விட்டுவிடுங்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2000 முதல் இத்தகைய பதிவுகளைச் சேகரித்து வருகிறது. நேர்காணல் குறைந்தது 30 நிமிடம் இருக்க வேண்டும். அவர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவமும் தேவை. பேச்சு முடிந்து அவர் களைத்திருக்கும்போது நீட்டாமல், முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.