அந்த அக்காவுக்கும் ஒன்பது வயதுதான்

கேள்வி: நான் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. போருக்குத் தப்பி வந்த அகதிக் குடும்பத்துப் பையன் ஒருவன் நான்கு மாதமாக என் வகுப்பில் இருக்கிறான். மணி அடித்தாலோ, கதவு படாரென்று சாத்தினாலோ மேசைக்கு அடியில் போய் அலறுகிறான். எங்கள் மொழியும் அவனுக்கு இன்னும் வரவில்லை. நான்காம் வகுப்பில் படிக்கும் அவன் அக்காவை அழைத்து வந்தால் ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடுகிறான். ஒன்பது வயதுக்கு ரொம்பப் பொறுப்பான பெண், அவளால் ஒரு தொந்தரவும் இல்லை. இவனை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

பதில்: பையனைப் பற்றி அப்புறம் பேசுவோம். அந்த அக்காவை ஒரு நாளைக்கு எத்தனை முறை கூப்பிட்டு அனுப்புகிறீர்கள்? அப்போது அவள் வகுப்பில் என்ன பாடம் நடக்கிறது? உங்கள் கடிதத்தில் அது இல்லை. இதுவரை கேட்டிருக்கவும் மாட்டீர்கள்.

அவளும் அதே சத்தங்களைக் கேட்டு, அதே வழியாகத்தானே வந்தாள்? தம்பி அலறுவதால் உங்கள் கண்ணில் படுகிறான். பெரும் பயத்தைக் கண்ட பிள்ளைகளில் சிலர் ஓடுவார்கள், அடிப்பார்கள். சிலர் உள்ளுக்குள் உறைந்துபோய், சொன்னதையெல்லாம் செய்வார்கள். இவர்களைத்தான் நாம் நல்ல பிள்ளை என்று பாராட்டிவிட்டு மறந்துவிடுகிறோம். அடிக்கடி வயிற்றுவலி, தலைவலி என்கிறாளா? விளையாட்டு நேரத்திலும் தம்பியின் வகுப்பையே பார்த்துக்கொண்டு நிற்கிறாளா? அவளுடைய ஆசிரியரிடம் இன்றே கேளுங்கள்.

தம்பியைப் பார்த்துக்கொள்வது அக்காவின் கடமைதானே என்பீர்கள். குடும்பக் கடமையை நானும் பெரிதாக மதிப்பவள்தான். ஆனால் புது ஊரின் மொழியைப் பெரியவர்களுக்கு முன்பே பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள். அதனால் வீட்டிலும் பெற்றோருக்காகப் பேசுவது அநேகமாக அவளாகத்தான் இருக்கும். பள்ளியிலும் அந்தச் சுமையை நீங்கள் ஏற்றுவது தப்பு. ஐ.நா. சபை 1989-ல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு பிள்ளைகளின் ஓய்வுக்கும் விளையாட்டுக்கும் உரியது. போரால் பாதிக்கப்பட்ட பிள்ளை உடலும் மனமும் தேற வழிசெய்யச் சொல்வது 39ஆவது பிரிவு. இரண்டும் அவளுக்கும் சேர்த்துத்தான்.

சரி, பையன். அவன் வழி தவறவில்லை, அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். மணிச் சத்தம் ஆபத்து என்று அவன் உடம்பு முடிவுசெய்த பிறகுதான் அவனுக்கு யோசனையே வருகிறது. மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்பே அவனிடம் போய்க் கையால் காட்டுங்கள். முதுகுக்குப் பின்னால் சுவரும் கண்ணெதிரே கதவும் இருக்கும்படி உட்கார வையுங்கள். அன்றைய வேலைகளைப் படங்களாக வரிசையில் ஒட்டி, அக்காவைச் சந்திக்கும் இடைவேளையையும் அதில் காட்டுங்கள். மேசைக்கு அடியில் போனால் இழுக்க வேண்டாம். தரையில், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து மெல்லிய குரலில் பேசுங்கள். வார்த்தை புரியாவிட்டாலும் குரல் புரியும். அங்கே என்ன நடந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். அக்காவை வைத்துக் கேட்கவே கூடாது. பெற்றோரிடம் பேச வயதுவந்த ஒரு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யப் பள்ளியைக் கேளுங்கள். நான்கு மாதமாகியும் அலறல் ஓயவில்லை என்றால் குழந்தைகள் மனநல நிபுணரும் பார்க்க வேண்டும், இரண்டு பேரையும்.

அக்காவை ஒரே நாளில் நிறுத்திவிட்டால் தான் ஏதோ தப்பு செய்ததாக நினைப்பாள். நீங்களே போய், 'இனி தம்பியை நான் பார்த்துக்கொள்கிறேன், இடைவேளையில் வந்து அவனோடு விளையாடு' என்று சொல்லுங்கள். முதல் சில நாள் அவள் நம்பமாட்டாள், வாசலில் வந்து எட்டிப் பார்ப்பாள். துரத்தாதீர்கள். அவன் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.