பசுமை நிதி வாங்கித் தர முன்பணமா?

கேள்வி: கென்யாவின் கிசுமு நகரில் ஆறு ஆண்டுகளாகக் கணக்காளராக வேலை பார்க்கிறேன். விக்டோரியா ஏரிக்கரையில் ஒமேனா என்ற பொடிமீனை உலர்த்தும் பெண்கள் குழு ஒன்றுக்கு ஓய்வு நேரத்தில் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். மொத்தம் முப்பத்திரண்டு பேர். மழைக்காலத்தில் மீன் அழுகிப்போவதால் சூரிய உலர்த்திக் கூடம் கட்ட நினைக்கிறார்கள். 50 லட்சம் ஷில்லிங் ஆகும். நைரோபியிலிருந்து வந்த ஆலோசகர் ஒருவர், "கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் சேர்ந்து வாங்கும் பசுமைக் காலநிலை நிதியில் ஏரிக்கரைக் குழுக்களுக்கு ஒதுக்கீடு இருக்கிறது; 2 லட்சம் முன்பணம் கொடுத்தால் வாங்கித் தருகிறேன்" என்கிறார். அது தாமதமானால் டாலரில் குறைந்த வட்டிக் கடனும் ஏற்பாடு செய்வாராம். பெண்கள் பணம் திரட்டத் தொடங்கிவிட்டார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். திரட்டிய பணத்தைக் குழுவின் கணக்கிலேயே வையுங்கள். அந்த மனிதர் திரும்ப வந்தால் தேநீர் கொடுங்கள், அத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள்.

காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க வளரும் நாடுகளுக்கு உதவும் பசுமைக் காலநிலை நிதியம் என்ற அமைப்பு உண்மையில் இருக்கிறது. தலைமையகம் தென்கொரியாவின் சொங்டோவில். ஆனால் அது யாருக்கும் நேரடியாகப் பணம் கொடுப்பதில்லை. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் வழியாகத்தான் பணம் வரும். கென்யாவில் நெமா எனப்படும் தேசியச் சுற்றுச்சூழல் ஆணையமும் கேசிபி வங்கியும் அப்படி அங்கீகாரம் பெற்றவை. எந்தத் திட்டமானாலும் கென்யாவின் நிதி அமைச்சகம் "ஆட்சேபணை இல்லை" என்று கடிதம் கொடுக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் முன்பணம் வாங்கும் தரகருக்கு இடமே இல்லை. இன்னொன்றையும் பாருங்கள். அந்த நிதியத்தின் கணக்கில் "மிகச் சிறிய திட்டம்" என்பது ஒரு கோடி டாலர் வரை போகும். உங்கள் 50 லட்சம் ஷில்லிங் 40 ஆயிரம் டாலர்கூடத் தேறாது. ஏரிக்கரைக் குழுக்களுக்கென்று அங்கே தனி ஒதுக்கீடு எதுவும் கிடையாது.

இந்தத் தரகர்களை எனக்கு நன்றாகத் தெரியும். கையில் முத்திரை பதித்த கடிதம் இருக்கும். "வாரியக் கூட்டம் அடுத்த வாரம், இன்றே கட்டினால்தான் பெயர் சேரும்" என்பார்கள். முன்பு ஒரு விவசாயிகள் குழு, ஆடுகளை விற்றுக் கட்டிய பணத்துக்குக் கிடைத்த திட்ட அறிக்கையை என்னிடம் கொண்டுவந்தது. வழுவழுப்பான அட்டை, சுருள் கம்பிக் கட்டு. உள்ளே நான்கு இடங்களில் வேறொரு நாட்டின் பெயர் அப்படியே கிடந்தது. பெயரை மாற்றக்கூட அந்த ஆளுக்குப் பொறுமையில்லை. இவர்கள் பிழைப்பதற்குக் காரணம் அவர்களுடைய சாமர்த்தியம் மட்டுமல்ல. அங்கீகாரத்துக்கே ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வைத்து, நூற்றுக்கணக்கான பக்கங்களை ஆங்கிலத்தில் நிரப்பச் சொன்னால், கரையில் மீன் காயவைக்கும் பெண் யாரிடம் போவாள்? 2023 செப்டம்பரில் நைரோபியில் நடந்த ஆப்பிரிக்கக் காலநிலை மாநாட்டில் 2,300 கோடி டாலர் வாக்குறுதிகளை அறிவித்தார்கள். கிசுமுவில் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று யாராவது அறிவித்தார்களா?

நாடுகள் சேர்ந்து நிதி திரட்டுவது பொய்யல்ல, அதனால்தான் அந்த ஆலோசகரின் பேச்சு நம்பும்படி இருக்கிறது. விக்டோரியா ஏரிப் படுகை ஆணையம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. கென்யா, உகாண்டா, தான்சானியா, ருவாண்டா, புருண்டி ஆகிய ஐந்து நாடுகளுக்கும் சேர்த்து, காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க சுமார் 50 லட்சம் டாலரில் ஒரு திட்டத்தை அது நடத்தியது. ஐந்தால் வகுத்து, அலுவலகச் செலவைக் கழித்துப் பாருங்கள். கணக்காளரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மேற்கு ஆப்பிரிக்காவில் நிலைமை கொஞ்சம் தேவலை. செனகல், மாலி, பெனின், டோகோ உள்ளிட்ட எட்டு நாடுகளுக்கு ஒரே நாணயம், சிஎஃப்ஏ பிராங்க். ஒரு யூரோவுக்கு 655.957 பிராங்க் என்று கட்டிவைத்திருக்கிறார்கள். டோகோவின் தலைநகர் லோமேயில் இருக்கும் மேற்கு ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி அந்த நாணயத்திலேயே கடன் கொடுக்க முடியும். 2019-இல் உலக வங்கி 19 நாடுகளுக்கான சூரிய மின் திட்டத்துக்கு 22 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியபோது, அதில் பெரும் பகுதி இந்த வங்கி வழியாக உள்ளூர் வங்கிகளுக்குப் போகும்படி அமைத்தார்கள். கிழக்கில் அப்படி இல்லை. பொது நாணயத்துக்கு 2013-இல் கையெழுத்துப் போட்டு, 2024 என்று நாள் குறித்து, பிறகு 2031 என்று தள்ளிவைத்திருக்கிறார்கள். அதனால் எல்லைதாண்டி வரும் பணம் பெரும்பாலும் டாலரில்தான் வருகிறது.

இங்கேதான் அந்த ஆலோசகரின் இரண்டாவது வலை, டாலர் கடன், இருக்கிறது. முன்பணத்தை விட எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. 2022 தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 113 ஷில்லிங். அப்போது 10,000 டாலர் வாங்கியவருக்குக் கையில் கிடைத்தது 11.3 லட்சம். 2024 ஜனவரியில் டாலர் 160-ஐத் தொட்டது. அதே அசலைத் திருப்பிக் கட்ட 16 லட்சம் வேண்டும், வட்டி தனி. பிறகு 130-க்கு இறங்கியது என்பது உண்மைதான். ஆனால் தவணைத் தேதி அதுவரை காத்திருக்காது. ஆகவே டாலர் கடன் கூடவே கூடாது.

ஒரே ஒரு விதிவிலக்கு. அதை விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் தரகர் இதைத்தான் மேற்கோள் காட்டுவார். மீன் வாங்குபவர் உங்களுக்கு டாலரிலேயே பணம் கொடுத்தால் டாலர் கடன் தவறில்லை. கிசுமுவில் நைல் பெர்ச் மீனைத் துண்டம் போட்டு ஐரோப்பாவுக்கு அனுப்பும் தொழிற்சாலைகளின் வரவு டாலரிலோ யூரோவிலோ வருகிறது. ஷில்லிங் விழுந்தாலும் அவர்களுக்கு நஷ்டமில்லை. ஒமேனா அப்படியா? அதை வாங்குபவர்கள் உள்ளூர்ச் சந்தைக்காரர்களும் கோழித்தீவன ஆலைக்காரர்களும். அவர்கள் எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவையில் ஷில்லிங்காக அனுப்புகிறார்கள். "காங்கோவுக்கும் போகிறதே" என்பார் தரகர். போகிறது, ஆனால் டாலரை எண்ணி வாங்குபவர் எல்லை வியாபாரி. உங்கள் குழுவுக்கு அவர் கொடுப்பது ஷில்லிங்தான். அவரே டாலரில் ஒப்பந்தம் எழுதி, அந்த டாலர் உங்கள் குழுவின் கணக்கில் நேராக விழுந்தால் மட்டும், அதுவும் விழும் அளவுக்கு மட்டும், கடன் வாங்கலாம். பாதி வரவு டாலர் என்றால் பாதிக் கடன்தான் டாலரில். இதைத் தாண்டி எவ்வளவு குறைந்த வட்டி சொன்னாலும் காதில் வாங்காதீர்கள்.

சரி, எங்கே போவது? குழுவைச் சமூக வளர்ச்சி அலுவலகத்தில் பதிவு செய்து, கரையின் மீன்வள மேலாண்மைக் குழுவிடம், பிஎம்யு என்பார்களே, இடத்துக்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பிறகு உறுப்பினர்கள் சேமிக்கும் சாக்கோ என்ற சேமிப்பு-கடன் கூட்டுறவுச் சங்கத்திலோ உள்ளூர் வங்கிக் கிளையிலோ ஷில்லிங் கடன் கேளுங்கள். வளர்ச்சி வங்கிகளின் பணம் கடைசியில் உள்ளூர் வங்கிகள் வழியாகத்தான் கீழே இறங்குகிறது. அதனால் "பசுமைக் கடனுக்குத் தனி வட்டி இருக்கிறதா" என்று மேலாளரிடம் நீங்களே கேளுங்கள். வார்டு அளவில் காலநிலைத் திட்டக் குழுவும் இருக்கும். அது கொடுப்பது பொதுப் பயனுக்கான பணம் என்பதால் தனியார் வியாபாரம் என்று எழுதினால் தள்ளிவிடும். கரையில் மீன் காயவைக்கும் எல்லோருக்குமான கூடம் என்று எழுதுங்கள்.

கடன் பத்திரத்தில் ஒன்றை மறக்காதீர்கள். ஏப்ரல் முதல் ஜூலை வரை ஒமேனா பிடிக்கத் தடைக்காலம். அந்த நான்கு மாதம் வரவு இல்லை. மாதாமாதம் சமத் தவணை என்று அச்சடித்த தாளில் கையெழுத்துப் போடாமல், தவணையை ஆகஸ்ட் முதல் மார்ச் வரை எட்டு மாதங்களுக்கு மாற்றச் சொல்லுங்கள். "எங்கள் கணினியில் அப்படி இல்லை" என்று பதில் வரும். அப்படியானால் மேலாளரைப் பாருங்கள்.

திரட்டிய பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, தரையில் வலை விரிப்பதை விட்டு இடுப்பளவு உயரத்தில் மரப் பரண்கள் போட்டு, மேலே நெகிழித் தாள் கூரை கட்டிப் பாருங்கள். மார்ச்சில் பெருமழை தொடங்கியதும் எத்தனை கூடை தேறுகிறது, எத்தனை கெடுகிறது என்று எழுதி வையுங்கள். வங்கி மேலாளர் முதலில் கேட்கப்போவது அந்த நோட்டைத்தான்.