சர்க்கரையில் தொடங்கி ஏவுகணையில் முடிந்த கதை

கேள்வி: போர் தொடுத்து உயிர்களைப் பலி கொடுப்பதைவிட, பொருளாதாரத் தடை போட்டு ஒரு நாட்டை வழிக்குக் கொண்டுவருவது மேல் அல்லவா? தென்னாப்பிரிக்காவில் அது பலித்ததே!
– வாசகர், தென்காசி

பதில்: தென்னாப்பிரிக்காவை இதில் சேர்க்காதீர்கள். அங்கே தடை வேண்டும் என்று கேட்டதே நிறவெறியை எதிர்த்துப் போராடிய கறுப்பினத் தலைவர்கள்தான். இந்தியா 1946-லேயே அந்த நாட்டோடு வணிகத்தை நிறுத்தியது. ஒரு வல்லரசு தனக்குப் பிடிக்காத அரசைக் கவிழ்க்கப் போடும் தடை வேறு ரகம். கியூபாவைப் பாருங்கள்.

1959-ல் ஆட்சியைப் பிடித்த ஃபிடல் காஸ்ட்ரோ, அந்த ஏப்ரலிலேயே போனது வாஷிங்டனுக்கு. சோவியத்தோடு கியூபாவுக்கு அப்போது தூதரக உறவுகூட இல்லை. அமெரிக்க முதலாளிகளின் நிலங்களை அவர் எடுத்துக்கொண்டார், வாஷிங்டனுக்குக் கோபம் வந்தது. சரி, அதில் நியாயம் இருந்ததாகவே வைத்துக்கொள்வோம். அப்புறம் நடந்ததுதான் முக்கியம்.

1960 ஜூனில் சோவியத் கச்சா எண்ணெய் வந்தபோது, கியூபாவில் இருந்த டெக்சகோ, எஸ்ஸோ, ஷெல் என்ற மேற்கத்திய எண்ணெய் நிறுவனங்களின் ஆலைகள் அதைச் சுத்திகரிக்க மறுத்தன. அரசு ஆலைகளைக் கைப்பற்றியது. ஜூலை 6-ம் தேதி, அந்த ஆண்டு கியூபாவிடம் வாங்க வேண்டிய மீதி 7 லட்சம் டன் சர்க்கரை வேண்டாம் என்றார் அமெரிக்க அதிபர் ஐசனோவர். கியூபாவின் பிழைப்பே கரும்புதான். வெட்டிய கரும்பை என்ன செய்வது? 'நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்' என்று அதே மாதம் மாஸ்கோ முன்வந்தது. அக்டோபரில் உணவு, மருந்து தவிர மற்ற ஏற்றுமதியையும் அமெரிக்கா நிறுத்தியது. 1961-ல், நாட்டைவிட்டு ஓடிய கியூபர்களை வைத்து அமெரிக்கா நடத்திய பிக்ஸ் விரிகுடாப் படையெடுப்பும் சேர்ந்துகொண்டது. சர்க்கரையை வேண்டாம் என்று சொன்ன இரண்டேகால் வருடத்தில், அமெரிக்கக் கரையிலிருந்து 90 மைல் தூரத்தில் சோவியத் அணு ஏவுகணைகள் நின்றன.

1991-ல் சோவியத் உடைந்தது. இப்போதாவது பணிவார்கள் என்று அமெரிக்கா 1992-லும் 1996-லும் பிடியை இறுக்கியது. டீசல் இல்லாமல் ஹவானாவில் பஸ்கள் நின்றன. அரைவயிற்றோடு ஜனங்கள் சீனாவிலிருந்து வந்த சைக்கிளை மிதித்து வேலைக்குப் போனார்கள். ஆட்சி மாறவில்லை. 2000-ல் வெனிசுவேலா அதிபர் சாவேஸ், தினமும் 53,000 பீப்பாய் எண்ணெய் தர ஒப்பந்தம் போட்டார். பதிலுக்குக் கியூபா டாக்டர்களை அனுப்பியது. கைமாற்றுக்கு ஆள் கிடைக்கிறவரை எந்த நாடும் மண்டியிடாது. எண்ணெய் தருகிறவன்தான் அதற்கு நண்பன்.

போரைவிட மேல் என்கிறீர்களே, அதற்கும் பதில் இருக்கிறது. அமெரிக்க வெளியுறவுத் துறை அதிகாரி லெஸ்டர் மல்லரி ஒரு ரகசியக் குறிப்பு எழுதினார். பெரும்பான்மை மக்கள் காஸ்ட்ரோ பக்கம் இருக்கிறார்கள் என்று அவரே அதில் ஒப்புக்கொள்கிறார். ஆகவே பணமும் பொருளும் போகாமல் தடுத்து, பசியையும் விரக்தியையும் உண்டாக்கி ஆட்சியைக் கவிழ்க்க வேண்டும் என்கிறார். குறிப்பின் தேதி 1960 ஏப்ரல் 6. தன் புரட்சியைச் சோசலிசப் புரட்சி என்று காஸ்ட்ரோ அறிவித்தது அதற்கு ஒரு வருடம் கழித்து.