சென்னையில் இறங்கி சேலத்துக்கு இன்னொரு விமானம்: நம்பி டிக்கெட் போடலாமா?

கேள்வி: என் தம்பி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். நவம்பரில் குடும்பத்தோடு ஊருக்கு வருகிறான். சிங்கப்பூர்–சென்னை ஒரு டிக்கெட், சென்னை–சேலம் தனி டிக்கெட் என்று ஆகஸ்டிலேயே இங்குள்ள ஏஜென்ட் மூலம் எடுத்துவிட்டோம். இப்போது சேலம் விமானத்தின் நேரம் மாறிவிட்டது. தம்பி சென்னையில் இறங்குவதற்கு முன்பே அது கிளம்பிவிடும். ஏஜென்டுக்கு வந்த குறுஞ்செய்தியை அவர் ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னார். கேன்சல் செய்தால் பாதிப் பணம்தான் வரும் என்கிறார். முழுப் பணமும் கிடைக்குமா? இனி இந்த சேலம் விமானத்தை நம்பலாமா? – வாசகர், நாமக்கல் மாவட்டம்

பதில்: முதலில் ஒன்று. அவசரப்பட்டு நீங்களாக கேன்சல் செய்துவிடாதீர்கள், ஏஜென்டையும் செய்ய விடாதீர்கள். வழக்கமான முறையில் கேன்சல் செய்தால் நீங்களே விரும்பி ரத்து செய்ததாகக் கணக்காகிவிடும். அப்போதுதான் பாதிப் பணம் போகும். நேரத்தை மாற்றியது விமான நிறுவனம். அந்தக் குறுஞ்செய்தியில் ஒரு இணைப்பு வந்திருக்கும். அதில் கட்டணமில்லாமல் வேறு விமானத்துக்கு மாறுவது, முழுப் பணத்தைத் திரும்பப் பெறுவது என்ற இரண்டு வாய்ப்புகள் பொதுவாக இருக்கும். ஏஜென்டிடம் அந்தச் செய்தியைக் கேட்டு வாங்குங்கள். இணைப்பு காலாவதியாகியிருந்தால் பிஎன்ஆர் எண்ணோடு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் பேசுங்கள்.

நேர மாற்றத்துக்கு எவ்வளவு சலுகை என்பது அந்தந்த நிறுவனத்தின் நிபந்தனையைப் பொறுத்தது. விமானத்தையே ரத்து செய்தால் மட்டும் டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பு) விதி கறாராக இருக்கிறது: மாற்று விமானம் அல்லது முழுப் பணம், இரண்டில் ஒன்று கிடைக்க வேண்டும். 24 மணி நேரத்துக்கு முன்பாகக்கூடச் சொல்லாமல் ரத்து செய்தால் இழப்பீடும் உண்டு. ஒரு மணி நேரம் வரையிலான பயணத்துக்கு 5,000 ரூபாய், அதைத் தாண்டி இரண்டு மணி நேரம் வரை 7,500 ரூபாய். அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இவற்றில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். புயல் போன்ற காரணங்களுக்கு இழப்பீடு இல்லை. நவம்பர் பயணம் என்பதால் இதை மனதில் வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சலின்போதும் சென்னை விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள்.

அதே விதியில் பலர் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது. பயணி சரியான தொடர்பு எண் தராமல் விட்டிருந்தால் இழப்பீடு கேட்க முடியாது. ஏஜென்டுகள் பலர் தங்கள் கைபேசி எண்ணையே போட்டுவிடுகிறார்கள். செய்தி அவருக்குப் போகும். அவர் டீக்கடையில் சந்திக்கும்போது உங்களிடம் சொல்வார். டிக்கெட் எடுக்கும்போதே பயணியின் எண்ணையும் மின்னஞ்சலையும் போடச் சொல்லுங்கள். உங்கள் விஷயத்திலும் ஒரு வாரம் வீணானது இதனால்தான்.

ஏஜென்ட் தன் சேவைக் கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளலாம். டிக்கெட் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துக்கு, ஏஜென்ட் வழியாக எடுத்திருந்தாலும்கூட. இழுத்தடித்தால் விமானப் பயணிகளின் புகார்களுக்காக மத்திய அரசு நடத்தும் ஏர்சேவா தளத்தில் புகார் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் நாமக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது.

சரி, நேரம் ஏன் மாறியது? விமான அட்டவணை ஆண்டுக்கு இரண்டு முறை மாறும். மார்ச் கடைசி ஞாயிறு கோடைக்கால அட்டவணை தொடங்கும், அக்டோபர் கடைசி ஞாயிறு குளிர்கால அட்டவணை. ஆகஸ்டில் உட்கார்ந்து நவம்பருக்கு டிக்கெட் எடுத்தால், அடுத்த அட்டவணை உறுதியாகும் முன்பே எடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். சென்னை–டெல்லி மாதிரி பெரிய தடத்தில் இது பெரிதாக உறுத்தாது, அடுத்த விமானம் இருக்கும். விரல் விட்டு எண்ணும் அளவுக்கே விமானம் உள்ள ஊரில்தான் மாட்டிக்கொள்வோம்.

சேலத்தின் கதையும் அப்படித்தான். கமலாபுரத்தில் விமான நிலையம் 1993-லேயே வந்துவிட்டது. கிங்ஃபிஷர் கொஞ்ச காலம் பறந்து நின்றது. சிறிய ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் 2018 மார்ச்சில் ட்ரூஜெட் வந்தது. கொரோனாவில் தள்ளாடி அதுவும் போனது. 2023 அக்டோபரில்தான் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்தன. உடானில் அரசு தரும் உதவித்தொகை ஒரு தடத்துக்கு மூன்று ஆண்டுகள்தான். அதன் பிறகு சொந்தக் காலில் நிற்க வேண்டும். நின்றவை எத்தனை? தணிக்கைத் துறையின் 2023 அறிக்கையைப் பாருங்கள். உடானின் முதல் மூன்று ஏலச் சுற்றுகளில் 774 தடங்கள் கொடுக்கப்பட்டன. அவற்றில் 403 தொடங்கவே இல்லை. மூன்று ஆண்டுகளை முடித்தவை 112. அதற்குப் பிறகும் 2023 மார்ச்சில் ஓடிக்கொண்டிருந்தவை 54.

இதற்கெல்லாம் விமான நிறுவனங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். இண்டிகோவின் ஏடிஆர் 72 என்ற சிறிய விமானத்தில் 78 இருக்கைகள். உள்நாட்டு நிறுவனங்கள் ஓட்டும் 80 இருக்கைக்குக் குறைவான விமானத்துக்குத் தரையிறங்கும் கட்டணம் விலக்கு. எடை 40,000 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் எரிபொருள் வரியும் குறைவு. அந்த 78-க்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. இத்தனை சலுகைக்குப் பிறகும் பாதி இருக்கை காலியாக இருந்தால், லாபம் வரும் வேறு ஊருக்கு விமானத்தைத் திருப்பிவிடுவார்கள்.

அதனால் என் கருத்து: சென்னைக்கு ஒரு வேலையாகப் போய்வர சேலம் விமானம் அருமையானது. வெளிநாட்டு விமானத்தோடு தனி டிக்கெட்டாகக் கோத்து வைக்க அது ஏற்றதல்ல. இரண்டும் தனித்தனி பிஎன்ஆர் என்றால், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. சென்னையில் குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டி எடுத்து, உள்நாட்டு முனையத்துக்குப் போக வேண்டும். கவுண்டரோ புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். போதாததற்கு உள்நாட்டில் ஒருவருக்கு 15 கிலோதான். சிங்கப்பூரிலிருந்து ஆளுக்கு 30 கிலோ கட்டிக்கொண்டு வந்தால் மிச்சத்துக்குக் கிலோ கணக்கில் காசு கட்ட வேண்டும். தைலமும் சாக்லேட்டும் அந்த விலைக்கு இங்கேயே கிடைக்கும்!

நாமக்கல்காரருக்கு நான் சொல்வது திருச்சிதான். சிங்கப்பூரிலிருந்து ஸ்கூட் உள்ளிட்ட பட்ஜெட் நிறுவனங்கள் திருச்சிக்கு நேராகப் பறக்கின்றன. 2024-இல் புதிய முனையமும் வந்துவிட்டது. முசிறி, தொட்டியம் வழியாக வீட்டுக்கு சுமார் 90 கிலோமீட்டர். கமலாபுரத்திலிருந்து நாமக்கல்லுக்கே 70 கிலோமீட்டர் போல வரும். வித்தியாசம் அவ்வளவுதான், இணைப்பு தவறும் பயமும் இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: பட்ஜெட் விமானத்தின் அடிமட்டக் கட்டணத்தில் பெரும்பாலும் பெட்டிக்கு இடம் சேர்ந்திருக்காது. முன்பதிவின்போதே எடையை வாங்கிவிடுங்கள், விமான நிலையத்தில் விலை ஏறிவிடும்.

இந்த முறை சிங்கப்பூர்–சென்னை டிக்கெட்டை மாற்ற முடியாது என்றால், சேலம் விமானத்தின் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு ரயிலுக்கு மாறுங்கள். விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் சென்ட்ரல், அங்கிருந்து சேலத்துக்கு வந்தே பாரத்தோ வேறு கோவை ரயிலோ கிடைக்கும். தம்பி திரும்பிப் போகும்போதும் சேலம் விமானத்தில்தான் சென்னை போகிறார் என்றால், சிங்கப்பூர் விமானத்துக்கு முந்தின நாளே போய்விடச் சொல்லுங்கள். அந்த டிக்கெட்டில் ஏஜென்ட் எண்ணுக்குப் பதிலாக உங்கள் எண்ணைப் போட்டாயிற்றா என்று இன்றைக்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.